வேண்டும் என்று சொன்னவன்

தன்னைப் பற்றித் தானே பெருமை பேசிக்கொள்கிறவனை உலகம் சுலபமாக மன்னித்துவிடுகிறது. பேச்சு சுவையாக இருந்தால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் செய்கிறது. அதே மனிதன் ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு குறை இருக்கிறது, என்னிடம் யாராவது அன்பாக இருந்தால் தேவலை" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே அவனைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்க ஆரம்பித்துவிடுகிறது. இந்த ஓரவஞ்சனை எதனால் என்று எனக்கு வெகு நாட்களாக ஒரு யோசனை உண்டு. அந்த யோசனையை உரைத்துப் பார்க்க ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. நம் ஊர் உதாரணம் அல்ல. அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இசைத்தட்டு. அதன் பெயர் 'ஐ நீட் லவ்'. எனக்குக் காதல் வேண்டும் என்று அர்த்தம்.

பாடியவர் எல்.எல். கூல் ஜே. பாடியவர் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பேசியவர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வித்தியாசத்தில்தான் முக்கால்வாசி விஷயம் அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அவருடைய இயற்பெயர் ஜேம்ஸ் டாட் ஸ்மித். 1968 ஜனவரியில் பிறந்து, நியூயார்க் நகரத்தின் க்வீன்ஸ் பகுதியில் பாட்டி தாத்தா வீட்டில் வளர்ந்தவர். தாத்தா வாங்கிக் கொடுத்த ஒலிக் கருவிகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1984-இல், பதினாறு வயதில், டெஃப் ஜாம் என்ற கம்பெனி அவருடைய முதல் தட்டை வெளியிட்டது. அந்தக் கம்பெனியே அப்போதுதான் முளைவிட்டிருந்தது. ஒரு கல்லூரி விடுதி அறையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. எல்.எல். என்ற எழுத்துகளுக்கு அவர் சொன்ன விரிவு, 'பெண்கள் விரும்பும்' என்பது. அதாவது, பெண்கள் விரும்பும் கூல் ஜேம்ஸ். பதினாறு வயதுப் பையன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கலையில் பட்டம் சூட்டிக்கொள்வதுதான் முதல் பாடம்.

ஹிப் ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. 1973 ஆகஸ்டில் செட்ஜ்விக் அவென்யூவில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றினாரே, அதிலிருந்துதான் வழக்கமாகக் கணக்கை ஆரம்பிப்பார்கள். பாடகர் வாயை மூடிக்கொண்டு டிரம் மட்டும் முழங்குகிற சில விநாடிகள் எந்தப் பாட்டிலும் இருக்கும் அல்லவா? ஆடுகிறவர்களுக்கு அந்த இடம்தான் பிடிக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார். அப்படி நீட்டிய தாளத்தின்மேல் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு எதுகை வைத்துப் பேசினால் அது ராப். என்ன பேசுவான்? தன்னைப் பற்றித்தான். என்னைப் போல் உண்டா, என் எதிரில் நிற்பவன் யார், என் நாக்கு வாள், என் நடை சிங்கம். இந்தச் சம்பிரதாயம் ஹிப் ஹாப்புக்கும் முந்தியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தெருப் பேச்சில், ஒருவரை ஒருவர் சொல்லால் மடக்கும் விளையாட்டில், அது வெகு காலமாக இருந்துவந்தது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, காஷியஸ் கிளே என்ற பழைய பெயரில் இருந்தபோதே, 1963-இல் தம்மை மெச்சிக்கொண்டு ஒரு முழு இசைத்தட்டே கொடுத்திருக்கிறார்.

ஆக, இந்தக் கலையின் அஸ்திவாரமே தற்பெருமை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரும் அரசும் காவல்துறையும் உன்னை ஒன்றுமில்லாதவன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், நான் எல்லாம் உள்ளவன் என்று உரக்கச் சொல்வதில் ஒரு தர்மம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது.

அந்த விலை என்ன என்று தெரிந்துகொள்ள ஜேம்ஸ் பிரவுனைப் பார்க்க வேண்டும். அதே மக்களின் பாடகர். 1956-இல் வெளிவந்த அவருடைய முதல் வெற்றிப் பாட்டே ஒரு கெஞ்சல். போய்விடாதே, தயவு செய், தயவு செய் என்ற மன்றாட்டு. மேடையில் அதைப் பாடும்போது முழந்தாளிட்டு விழுவார். ஒருவர் ஓடிவந்து அவர் தோளில் ஓர் அங்கியைப் போர்த்தி எழுப்பி அழைத்துப் போவார். நாலடி போனதும் அங்கியை உதறிவிட்டு மறுபடி வந்து விழுவார். ஆண்கள் உட்பட அரங்கம் முழுவதும் எழுந்து ஆர்ப்பரிக்கும். அவரை ஆண்மை குறைந்தவர் என்று எவரும் சொன்னதில்லை. பின்னால் வந்த ஹிப் ஹாப்காரர்கள் ஜேம்ஸ் பிரவுனிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல் வேறு யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. 1970-இல் வந்த 'ஃபங்கி டிரம்மர்' என்ற தட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில விநாடி டிரம்மை எத்தனையோ பாட்டுகளுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். ஆனால் டிரம்மை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். முழந்தாளை விட்டுவிட்டார்கள்.

இப்படி விட்டுவிட்ட ஒன்றைத்தான் 1987-இல் பத்தொன்பது வயதுப் பையன் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். அவர்தான் முதல்வர் என்று சொல்வதற்கில்லை. ஸ்பூனி ஜீ என்பவர் 1980-லேயே 'லவ் ராப்' என்று ஒரு தட்டு கொடுத்திருந்தார். ஆனால் அதில் பேசுகிறவன் காதலை அளந்து காட்டுகிறான். இல்லை என்று சொல்லவில்லை. 'ஐ நீட் லவ்' வேறு வகை. அவசரமில்லாத மெல்லிய கீபோர்டு இசை. எங்கோ தூரத்தில் தட்டுவதுபோல் தாளம். பக்கத்து அறைக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று பயந்ததுபோன்ற குரல். இரவில் தன் அறையில் தனியாக இருக்கும் ஓர் இளைஞன். பல பெண்களோடு விளையாட்டாகப் பழகிப் பழகி அலுத்துவிட்டவன். மனசுக்கு உகந்தவள் எங்கோ இருக்கிறாள், இன்னும் கண்ணில் படவில்லை. சங்கதி அவ்வளவுதான். கவிதை என்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரி மாணவனின் நோட்டுப் புத்தகத்தில் காணக்கூடிய வரிகளே அநேகம். ஆனால் அதைச் சொன்ன இடமும் சொன்ன ஆளும் அதைச் சாமானிய விஷயமாக விட்டுவிடவில்லை.

வெற்றி பெரிய வெற்றி. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை வெளியிட்டுவந்த கறுப்பர் இசைப் பட்டியலில் (அந்நாளில் அதற்கு அதுதான் பெயர்) முதல் இடத்துக்கு வந்தது. எல்லோருக்கும் பொதுவான பட்டியலில் 14-ஆவது இடம். பிரிட்டனில் 8. ராப் தட்டுகளைப் பகல் நேரத்தில் ஒலிபரப்பக் கறுப்பினத்தவரின் வானொலி நிலையங்களே தயங்கிய காலம் அது. இந்தப் பாட்டுக்குக் கதவு திறந்தது. பெண்கள் வாங்கினார்கள், மனப்பாடம் செய்தார்கள்.

கூடவே ஏளனமும் வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் டெஃப் ஜாம் கம்பெனிக் கலைஞர்கள் லண்டனுக்குப் போனார்கள். பப்ளிக் எனிமி என்ற குழுவினரும் உடன் போயிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியின் கூட்ட இரைச்சலைப் பதிவு செய்துதான் பிறகு 1988-இல் தங்கள் புகழ்பெற்ற ஆல்பத்தை அவர்கள் ஆரம்பித்தார்கள். அந்த ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் எல்.எல். கூல் ஜே தம் காதல் பாட்டை எடுத்தபோது எழுந்த இரைச்சல் வேறு வகையானது. கூச்சல் போட்டு நிறுத்தப் பார்த்தார்கள். தொண்டை கிழியக் கத்துபவர்களுக்குக் கை தட்டிய கூட்டம், மெதுவாகப் பேசியவரைப் பொறுக்கவில்லை.

சரி, அவர்களுடைய கட்சிதான் என்ன? கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. இவன் மென்மையாகிவிட்டான் என்றார்கள். இது வியாபாரம், வானொலிக்காகவும் பெண்களின் காசுக்காகவும் செய்தது, உள்ளத்திலிருந்து வந்தது அல்ல என்றார்கள். தெருவுக்குத் துரோகம் செய்துவிட்டான் என்றும் சொன்னார்கள். இந்தக் கடைசிப் பேச்சில் எனக்கு மரியாதை உண்டு. க்வீன்ஸின் ஹவர்ட் பீச் என்ற இடத்தில் 1986 டிசம்பரில் வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பின இளைஞர்களை அடித்துத் துரத்தியது. இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் நெடுஞ்சாலையில் ஓடிக் கார் மோதி இறந்தார். நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. கொக்கெய்னின் மலிவு உருவமான கிராக் தெருத் தெருவாகக் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஓர் இளைஞன், எனக்கு ஒருத்தி இல்லையே என்று பெருமூச்சு விட்டால், வீடு எரியும்போது வீணை வாசிக்கிறான் என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வீடு எரிகிற ஊரிலும் பத்தொன்பது வயது பத்தொன்பது வயதுதான்.

மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். வியாபாரம் என்கிறார்கள். இதே ஆல்பத்தில் 'ஐ'ம் பேட்' என்றொரு பாட்டு இருக்கிறது. நான் பொல்லாதவன் என்று பொருள். போலீஸ் வானொலியில் ஓர் ஆளைத் தேடும் அறிவிப்போடு அது ஆரம்பமாகிறது. தேடப்படுபவர் நம் கதாநாயகர்தான். அதுவும் காசுக்கு விற்ற சரக்குத்தானே? போலீஸ் உன்னைத் துரத்தியது உண்மையா, எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று யாராவது அவரைக் கேட்டார்களா? கேட்கவில்லை. பெருமைக்கும் கோபத்துக்கும் ஜாமீன் தேவையில்லை. அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். விளையாட்டை விளையாட்டாக ரசிப்பார்கள். வேண்டும் என்று சொன்னவனிடம்தான் ஜாமீன் கேட்கிறார்கள்.

இது பாட்டுக்காரர்களுக்கு மட்டும் நேருகிற சங்கடம் அல்ல. நானும் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் கதைகளில் கொலைகாரர்கள் வந்திருக்கிறார்கள். தம்பியின் சொத்தைக் கபளீகரம் செய்கிற அண்ணன்மார் வந்திருக்கிறார்கள். 'நீங்கள் யாரையாவது கொன்றிருக்கிறீர்களா?' என்று எந்த வாசகரும் எனக்குக் கடிதம் போட்டதில்லை. ஒரு கதையில் ஒருவன் ஒரு பெண்ணுக்காக ஏங்கினான்; அவ்வளவுதான். 'அது யார்?' என்று கேட்டு எத்தனை கடிதங்கள்! கொலையைக் கற்பனை செய்யலாம், ஏக்கத்தைக் கற்பனை செய்ய முடியாது என்று மனிதர்கள் நம்புகிறார்கள் போலும். நம்புவதோடு விட்டாலும் பரவாயில்லை. அனுபவம்தான் என்று தெரிந்தால் சிரிக்கிறார்கள். கற்பனைதான் என்று தெரிந்தால் ஏமாற்றுக்காரன் என்கிறார்கள்.

ஆனால் ஜேம்ஸ் பிரவுனை ஏன் சிரிக்கவில்லை? அதற்கு நான் கண்ட விடை, முன்னால் சொல்லி நிறுத்திய அந்த வித்தியாசம். அவர் பாடினார், இவர் பேசினார். மெட்டு என்பது ஒரு போர்வை. அதைப் போர்த்திக்கொண்டு அழலாம், கெஞ்சலாம், காலில் விழலாம். பாட்டு என்றாலே அப்படித்தான் என்று கேட்கிறவன் ஒத்துக்கொண்டுவிடுகிறான். பேச்சுக்கு அந்தப் போர்வை கிடையாது. நாம் பாலுக்குக் கணக்குச் சொல்வதும் பேச்சில்தான்; பொய் சாட்சி சொல்வதும் பேச்சில்தான். அதே சாதாரணப் பேச்சில் ஓர் ஆண், எனக்கு அன்பு வேண்டும் என்று சொன்னால் அது பாட்டாகக் காதில் விழுவதில்லை, வாக்குமூலமாக விழுகிறது. கேட்கிறவன் கூசுகிறான். தன் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து அவனுக்கே வியர்க்கிறது. அந்த வியர்வையைத் துடைத்துக்கொள்ளத்தான் கூச்சல். லண்டன் அரங்கில் கத்தியவர்களில் பாதிப் பேர் பாட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. இவருடைய முதல் தட்டு 1984-இல் வந்தது என்றேன். அதன் பெயர் 'ஐ நீட் எ பீட்'. எனக்குத் தாளம் வேண்டும் என்பது அதன் அர்த்தம். அதே ஆள், அதே கம்பெனி, அதே 'வேண்டும்'. அப்போது ஒரு குரலும் எதிர்ப்பாக எழவில்லை. வேண்டும் என்பதில் தோஷமில்லை, எது வேண்டும் என்பதில்தான் தோஷம். தாளம் வேண்டும் என்பவன் வீரன். அன்பு வேண்டும் என்பவன் பிச்சைக்காரன்.

'பெண்கள் பாட்டு' என்று ஒதுக்கியதையும் நான் சும்மா விட்டுவிடத் தயாராக இல்லை. பெண்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆகவே அது போலி என்ற தர்க்கம் எங்கிருந்து வந்தது? தொடர்கதைகளைப் பற்றி நம் பண்டிதர்கள் இதே தொனியில் பேசி நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டை வாங்கியவர்கள் காது இல்லாதவர்களா? கோபத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நம்மைப் பற்றி ஒருவன் மரியாதையாக ஏதோ சொல்கிறானே என்று நின்று கேட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய ரசனையை இகழ்வதற்குப் பாட்டுக்காரரைக் கல்லால் அடிப்பது ஒரு சுற்றுவழி.

இவ்வளவும் சொன்ன பிறகு, பாட்டின்மேல் எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது கூச்சல் போட்டவர்களின் சந்தேகம் அல்ல.

அதே நியூயார்க்கில், அதே வருஷங்களில், பெண்களும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தார்கள். 1986-இல் எம்.சி. லைட் என்ற பெண், பதினைந்து பதினாறு வயதில், தன் முதல் தட்டைக் கொடுத்தாள். சாம் என்றொரு பையன். இனிக்க இனிக்கப் பேசுகிறான், நம்புகிறாள். அவனுக்கு வேறொரு சகவாசம் இருக்கிறது என்று ஊர் சொல்கிறது. இன்னொரு பெண் என்று அவள் நினைக்கிறாள். கடைசியில் பார்த்தால் அந்த 'இன்னொருத்தி' கிராக். 1987-இல் க்வீன்ஸைச் சேர்ந்த சால்ட் அண்டு பெப்பா என்ற குழுவின் தட்டு ஒன்று வந்தது. தேனொழுகப் பேசிக்கொண்டு கிட்ட வருகிற ஆண்பிள்ளையை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று அது விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தது. இவர்களும் ஜாமீன் கேட்டவர்கள்தான். ஆனால் இவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பேச்சை நம்பிக் கெட்டால் அனுபவிக்க வேண்டியவர்கள் இவர்கள். ஆண் கேட்டது, நீ ஏன் இதைச் சொல்லி நம்மைக் காட்டிக் கொடுக்கிறாய் என்று. பெண் கேட்டது, நீ சொன்னபடி நடப்பாயா என்று. இரண்டும் ஒன்றல்ல.

இந்தப் பெண்களின் காதோடு 'ஐ நீட் லவ்'வைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு விசேஷம் தெரியும். அந்தப் பாட்டில் அவள் இல்லை. அவளுக்குப் பெயர் இல்லை என்பதைச் சொல்லவில்லை. நம் அகத்திணையிலும் தலைவிக்குப் பெயர் கூடாது என்றுதான் தொல்காப்பியர் விதித்திருக்கிறார். பெயர் இல்லாமலே அவள் ஊடுவாள், ஒளிந்துகொள்வாள், தோழியை ஏவுவாள், ஆளாக இருப்பாள். இங்கே அவள் ஆளாகவே இல்லை. ஓர் அறை, ஓர் இளைஞன், ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்துக்கு அவன் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறான். எனக்கு வேண்டும் என்கிறானே தவிர, அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அவன் அறைக்குள் இன்னும் நுழையவில்லை.

மடலேறுதல் என்று ஒரு வழக்கத்தைப் பழைய இலக்கியங்களில் படித்திருக்கிறோம். காதல் கைகூடாத தலைவன், பனைமட்டையால் குதிரை செய்து, எருக்க மாலை சூடி, ஊர் நடுவே அதன்மேல் ஏறி வருவேன் என்கிறான். வள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, நாணுத் துறவுரைத்தல் என்று பெயர் கொடுத்திருக்கிறார். வெட்கத்தைத் துறப்பது. ஊரறிய, எனக்கு இவள் வேண்டும் என்று சொல்லிவிடுவது. ஆண்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய துறவு இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் சற்று நின்று யோசித்தால் அதில் ஒரு மிரட்டலும் இருக்கிறது. தெருவுக்கு வந்துவிட்டேன், இனி நீ என்ன செய்யப் போகிறாய்? ஊர் அவளைத்தான் பார்க்கும். துறந்தவன் அவன், நெருக்கடி அவளுக்கு. ஆகவே கெஞ்சுகிறவன் எப்போதும் பலவீனன் என்று எண்ண வேண்டியதில்லை. கெஞ்சலில் ஒரு பிடி இருக்கிறது.

எல்.எல். கூல் ஜே விஷயத்தில் அந்தப் பிடி இறுகவில்லை என்பது என் அபிப்பிராயம். பிடிக்க அங்கே யாரும் இல்லையே! பெயரைச் சொல்லி ஒருத்தியை நெருக்கியிருந்தால் அது வேறு வழக்கு. எனக்கு இல்லை என்று மட்டும் சொன்னான். நான் காதலிக்கிறேன் என்று சொல்வதில்கூட ஒரு பெருமை கலந்திருக்கும், கொடுக்கிறவனின் பெருமை. இவன் தன்னைக் கொடுக்கிறவனாகவே காட்டிக்கொள்ளவில்லை. காலிப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினான். பெயரிலேயே பெண்கள் விரும்பும் ஆள் என்று பொறித்துக்கொண்டவன், அப்படி யாரும் இல்லை என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். போதுமான நேர்மை அல்ல; ஆனால் முதல் படி.

பத்து வருஷம் கழித்து, 1997-இல், அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நாலு வயதில், தகப்பன் துப்பாக்கியால் தாயையும் தாத்தாவையும் சுட்டதைப் பார்த்த குழந்தை அவர் என்று அதில் தெரியவந்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். பிறகு தாயோடு வாழ வந்த மனிதரின் கையில் பட்ட அடிகளும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. இதைப் படித்தவர்கள், ஓ, அப்படியானால் அந்தப் பையனுக்கு அன்பு உண்மையாகவே வேண்டியிருந்தது என்று பழைய பாட்டுக்கு மன்னிப்பு வழங்கினால் அது எனக்கு உவப்பாக இல்லை. இதுதான் அவர்கள் கேட்ட ஜாமீன். சட்டையைக் கழற்றிக் காயத்தைக் காட்டு, நம்புகிறோம் என்பது. காயமே படாமல் வளர்ந்த பையனுக்கு அன்பு வேண்டாமா? நல்ல வீட்டில், பால் சோறு சாப்பிட்டு வளர்ந்தவனும் இரவில் தன் அறையில் தனியாகத்தான் படுத்திருக்கிறான்.

காலம் மாறிவிட்டது. 2009-இல் கனடாவைச் சேர்ந்த டிரேக் என்பவர் காதலியைப் புகழ்ந்து பேசிய பாட்டு அமெரிக்கப் பொதுப் பட்டியலில் இரண்டாவது இடம் வரை போயிற்று. அதற்குப் பிறகு ஏக்கமும் கண்ணீரும் ஹிப் ஹாப்பின் அன்றாடச் சரக்காகிவிட்டன. ஒருவரும் கூச்சல் போடுவதில்லை. அன்று சொன்ன வியாபாரக் குற்றச்சாட்டுக்கு இன்று ஓரளவு பலம் வந்திருக்கிறது. மென்மைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்த காலம் போய், மென்மைக்கு விலை கிடைக்கிற காலம் வந்துவிட்டது அல்லவா? அதற்காக இன்றைய ஏக்கம் எல்லாம் பொய் என்று சொல்ல நான் தயாரில்லை. நஷ்டப்பட்டவன் சொன்னது உண்மை, லாபமடைந்தவன் சொன்னது பொய் என்று தராசு பிடித்தால் அந்தத் தராசும் கோணல்தான். அந்தப் பழைய பெண்களின் கேள்வி ஒன்றுதான் இரண்டு காலத்துக்கும் பொருந்துகிறது: சொன்னபடி நடப்பாயா?

எல்.எல். கூல் ஜேயின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். 1989-இல் அவர் கொடுத்த ஆல்பத்தில் மெதுவான காதல் பாட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தன. ஆடம்பரமும் தூக்கலாக இருந்தது. இவன் கதை முடிந்தது என்று பத்திரிகைகளும் தெருவும் பேசிக்கொண்டன. அவர் மனம் சோர்ந்து பாட்டியிடம் முறையிட்டாராம். 'அடித்து வீழ்த்தடா அவர்களை' என்ற மாதிரி பாட்டி சொன்னாளாம். அந்த வாக்கே 1990-இல் ஒரு பாட்டாக வந்தது. குத்துச்சண்டை மேடையில் நிற்பவனைப்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிய பாட்டு. இழந்த மரியாதை ஒரே தட்டில் திரும்பிவிட்டது.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டும் இருந்தது. 'அரவுண்ட் த வே கேர்ள்' என்று பெயர். நம் தெருப் பக்கத்துப் பெண் என்று சொல்லலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலி இடம் இருந்த இடத்தில் இப்போது ஒருத்தி வந்து நிற்கிறாள். காதில் பெரிய வளையங்கள், நீட்டிப் பின்னிய தலைமுடி, பதில் பேசத் தெரிந்த வாய். பேருந்து நிற்கிற இடத்தில் நாமே பார்க்கக்கூடிய பெண். அவன் தன் அறையை விட்டு வெளியே வந்து அவளைக் கண் கொண்டு பார்த்திருக்கிறான். பொதுப் பட்டியலில் 9-ஆவது இடம் வரை வந்தது. என்னைக் கேட்டால் முந்தைய பாட்டைவிட இதுதான் காதல் பாட்டு. இதற்கு அரங்கத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. பக்கத்திலேயே முஷ்டியை உயர்த்திக்கொண்டு குத்துச்சண்டைப் பாட்டு காவல் நின்றதே, பின் எப்படிப் போடுவார்கள்?

1992-இல் கிராமி பரிசு கொடுத்தபோது குத்துச்சண்டைப் பாட்டுக்குத்தான் கொடுத்தார்கள். காதல் பாட்டு ஒன்றுக்காக அவருக்கு அந்தப் பரிசு கிடைக்க 1997 ஆயிற்று. 'ஹே லவர்' என்ற அந்தப் பாட்டில் அவர் பேசினார். பாய்ஸ் டு மென் என்ற குழுவினர் நால்வர் கூட நின்று பாடினார்கள். இந்தத் தடவை மெட்டு இருந்தது.